சமரசம் பேச நாம யாரு?



நம்ம கடலூர் மாவட்டத்துப் பொண்ணு ஒருத்தர் ஹைகோர்ட்டுக்கே "முடியாது" என்று சொன்ன கதை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம பசங்க பத்துப் பேரைக் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. நெய்வேலியில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடுகிற கடலூர் மகளிர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு அது. டெல்லியில் நடந்தால் மெழுகுவர்த்தி ஏந்துகிறோம். பக்கத்தில் நடந்தால் தெரிவதில்லை. அதனால்தான் இந்த மலரில் எழுத இடம் கேட்டு வாங்கினேன்.

அந்தப் பெண் சிறுமியாக இருந்தபோது பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர். தாய் தகப்பன் இல்லை. கையில் ஒரு குழந்தை. வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, 2014-இல் கடலூர் மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஏழு வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது. அவன் அப்பீலுக்குப் போனான். 2015 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. தேவதாஸ் ஓர் உத்தரவு போட்டார். குற்றவாளிக்கு இடைக்கால ஜாமீன், இரண்டு பேரும் மத்தியஸ்த மையத்தில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று!

பேசித் தீர்த்துக்கொள்வதா? எதை? வரப்புத் தகராறா இது?

இந்த இடத்தில்தான் எனக்கு மெய் சிலிர்க்கிறது. பணம் இல்லை, ஆள் பலம் இல்லை, அப்பா அம்மா இல்லை. அப்படிப்பட்ட ஒரு பெண், என்னைக் கேட்காமல் போட்ட உத்தரவு இது, அவனோடு பேச நான் தயாராக இல்லை என்று பத்திரிகைக்காரர்களிடமே சொல்லிவிட்டார். நாடு முழுக்க அது செய்தியானது. 2015 ஜூலை 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் (நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, பிரஃபுல்ல சி. பந்த்) மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த வேறொரு வழக்கில், இந்த மாதிரிக் குற்றங்களில் சமரசம் என்ற நினைப்பே கூடாது என்று கண்டித்து எழுதியது. சில நாளில் சென்னை உத்தரவையும் அந்த நீதிபதியே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நீதிபதி கெட்ட எண்ணத்தில் போட்டார் என்று நான் சொல்லவில்லை. குழந்தைக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அந்த நல்ல எண்ணத்துக்குள்ளே ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இடம் இல்லாமல் போச்சு... பாதிக்கப்பட்டவருக்கு! நான் எழுத வந்த விஷயமே இதுதான். அடிபட்டவங்க என்ன சொல்றாங்க, அவங்க மனசும் உடம்பும் எந்த நிலையில இருக்கு என்று கேட்டு நடக்கிற நீதி ஒன்று. அவங்களை வெறும் "சாட்சி நம்பர் 1" ஆக வைத்து நடத்துகிற நீதி இன்னொன்று. முதல் வகை நீதி நம் நாட்டில் கொஞ்சமாவது வந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணம் பாதிக்கப்பட்ட பெண்களே முன்னால் நின்று போராடியதுதான்.

வாச்சாத்தியைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தாண்டிப் போக முடியாது. தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் மலைவாழ் மக்கள் கிராமம். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. வீடுகளை இடித்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், குடிக்கிற கிணற்றைக்கூட நாசம் பண்ணினார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டு போய்ச் சீருடைக்காரர்களே வன்கொடுமை செய்தார்கள். அதோடு விட்டார்களா? அந்தப் பெண்கள் மேலேயே வழக்குப் போட்டு சேலம் சிறையில் அடைத்தார்கள்!

மிரட்டலுக்கு நடுவில் சிறைக்குள் இருந்தவர்கள் எப்படி உடனே வாய் திறப்பார்கள்? தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்துத் தோழர்கள் ஊருக்குள் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அரசாங்கம் "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று சாதித்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார். மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் கோர்ட்டுக்குப் போனார். 1995-இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தர்மபுரி கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது அதில் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள்! வனத்துறை 126, போலீஸ் 84, வருவாய்த்துறை 5. அதில் 17 பேர் வன்கொடுமைக் குற்றத்துக்காக. 19 வருஷம் ஆச்சு தோழர்களே. நம்மில் பலர் பிறப்பதற்கு முன்னால் ஆரம்பித்த வழக்கு.

அப்பீல் இன்னொரு 12 வருஷம் ஓடியது. 2023-இல் நீதிபதி பி. வேல்முருகன் தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் நேரே வாச்சாத்திக்கே போய் இடத்தைப் பார்த்தார், மக்களிடம் பேசினார். அதே செப்டம்பர் 29-இல் தண்டனையை உறுதி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் நஷ்ட ஈடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும், அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். ஒரு நீதிபதி ஏ.சி. அறையை விட்டு இறங்கி அந்தப் பெண்கள் நின்ற மண்ணில் நின்றாரே, அதை நான் பெரிசாக நினைக்கிறேன். அந்த 18 பேரும் 31 வருஷம் தங்கள் வார்த்தையிலிருந்து பின்வாங்காமல் இருந்ததை அதைவிடப் பெரிசாக நினைக்கிறேன்.

அதே 1992-இல்தான் நம்ம பக்கத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போலீஸ் ஸ்டேஷன் கொடுமையும் நடந்தது. விசாரணைக்குக் கொண்டு போன கணவர் பிணமானார். அவர் மனைவியைப் போலீஸ்காரர்களே வன்கொடுமை செய்தார்கள். மாதர் சங்கம் தெருவில் இறங்கியது. அந்த அம்மாவின் பெயர் அன்றைக்கு எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நான் இங்கே எழுதவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்ப நம்ம வழக்கத்துக்கு வருவோம். இந்த மாதிரிச் செய்தி வந்ததும் நம்ம பசங்க வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி என்ன? "ஏன் கத்தல? ஏன் அன்னைக்கே சொல்லல? அந்த நேரத்துல அங்க என்ன வேலை?"

சுரங்கத்தில் ஒரு விபத்து நடந்தால் என்ன செய்கிறோம்? அடிபட்டவரை முதலில் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். நடந்த இடத்தைக் கலைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பிறகு விசாரணை. ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறவரிடம் போய் "நீ எதுக்கு அந்த கன்வேயர் பக்கம் போனே?" என்று மீசையை முறுக்குகிற இன்ஜினியரை நாம் மனுஷனாகவே மதிக்க மாட்டோம். ஒரு பெண் விஷயத்தில் மட்டும் ஸ்டேஷன் வாசலிலேயே அந்தக் கேள்வி காத்திருக்கிறது.

கத்தவில்லையே என்பதற்கு மருத்துவர்கள் சொல்கிற பதில் ரொம்பத் தெளிவானது. பயம் ஓர் அளவைத் தாண்டினால் உடம்பு விறைத்துவிடும். குரல் வராது, கை கால் அசையாது. எலக்ட்ரிகல் பசங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கரண்ட் அளவு மீறினால் ரிலே ட்ரிப் ஆகிறது. ஏன் ட்ரிப் ஆனாய் என்று ரிலேயையா திட்டுவோம்? அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இயற்கை வைத்த ஏற்பாடு. ஞாபகமும் அப்படித்தான். ஒரு வாசனை, ஒரு சட்டை நிறம் அப்படியே பதிந்திருக்கும், மணி என்ன, எத்தனை பேர், எது முதலில் எது பின்னால் என்பது துண்டு துண்டாகச் சிதறியிருக்கும். வைவாவில் எக்ஸ்டர்னல் கொஞ்சம் முறைத்தாலே நமக்கு ஓம்ஸ் லா மறந்து போகிறது. இது அதோடு ஒப்பிடக்கூடிய விஷயமே இல்லை, இருந்தாலும் புரிவதற்காகச் சொல்கிறேன்.

நம்ம கோர்ட்டுகளுக்கே இது புரிய நாள் ஆனது. மகாராஷ்டிராவில் 1972-இல் ஓர் ஆதிவாசிச் சிறுமியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே போலீஸ்காரர்கள் சிதைத்தார்கள். மதுரா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. உடம்பில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை என்று சொல்லி 1978-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-இல் தலைமை நீதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஊர் ஊராகப் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். 1983-இல் சட்டம் திருந்தியது. 1996-இல் குர்மித் சிங் வழக்கில், பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் நம்பும்படி இருந்தால் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை, புகார் தாமதமானதையே பெரிய ஓட்டையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதம் என்று ஆகிவிடாது என்பது 2013-இல் சட்டத்திலேயே ஏறியது. ஒரே ஒரு வரி! அது ஏறுவதற்கு 35 வருஷம்.

சரி, சட்டம் வந்துவிட்டது, நடைமுறை? ஒரு பெண் நடந்ததை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டேஷனில் ஒரு தடவை. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ஒரு தடவை. மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு தடவை. விசாரணை அதிகாரி மாறினால் மறுபடியும். கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்க ஒரு தடவை. அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணை, அதுவும் வாய்தா வாங்கி வாங்கி. ஒவ்வொரு தடவையும் அந்த இரவுக்கே திரும்பிப் போய் வர வேண்டும். டாக்டர் பரிசோதனை என்ற பெயரில் இரண்டு விரல் சோதனை என்று ஒரு அசிங்கம் இருந்தது. அதைக் கூடாது என்று 2013-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டில் அதை உடனே தடை செய்யச் சொல்ல வேண்டி வந்தது. அதே வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும், இனி யாராவது செய்தால் அது ஒழுங்கீனமாகக் கருதப்படும் என்றது. ஒன்பது வருஷமாக ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போய்ச் சேரவில்லையா என்ன?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் சில நல்ல விதிகள் இருக்கின்றன, நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், "எங்க எல்லை இல்லை" என்று விரட்ட முடியாது. வாக்குமூலத்தைப் பாதிக்கப்பட்டவரின் வீட்டில் அல்லது அவர் விரும்புகிற இடத்தில், முடிந்தவரை பெண் போலீஸ் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். வழக்கு என்ன ஆச்சு என்று 90 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, இலவசமாக உடனே சிகிச்சை கொடுக்க வேண்டும். கோர்ட்டிலும், குற்றவாளியின் முகத்தைப் பார்க்காமல் சாட்சி சொல்ல தனி அறை வேண்டும் என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது.

"எல்லாம் சரிப்பா, பொய்ப் புகார் கொடுத்தா என்ன பண்றது?" இந்தக் கேள்வியையும் நம்ம ஹாஸ்டலில் நான் கேட்டேன். நியாயமான கேள்விதான். ஆனால் இதில் எதுவும் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய பாரத்தைக் குறைக்கவில்லையே. குறுக்கு விசாரணை இருக்கத்தான் போகிறது. கேவலப்படுத்தாமல் கேள் என்கிறோம், கேட்காதே என்று சொல்லவில்லை. முதல் நாளே நிதானமாக, முழுசாக, ஆடியோ வீடியோவில் பதிவான வாக்குமூலம் உண்மையான குற்றவாளியைப் பிடிக்க எவ்வளவு உதவுமோ, தப்பாக மாட்டிய ஆளை விடுவிக்கவும் அவ்வளவு உதவும். மிரட்டி வாங்கிய அரைகுறை வாக்குமூலத்தால் யாருக்கு லாபம்?

இதெல்லாம் வெறும் கனவும் இல்லை. பொள்ளாச்சி வழக்கைப் பாருங்கள். 2019-இல் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். மாவட்ட எஸ்.பி.யே பத்திரிகையாளர் கூட்டத்தில் அவர் பெயரைச் சொன்னார், அரசாணையிலும் பெயர் வந்தது! உயர் நீதிமன்றம் மதுரைக் கிளை 25 லட்சம் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் பாதிக்கப்பட்ட பெண்கள் மூடிய நீதிமன்றத்தில் உறுதியாகச் சாட்சி சொன்னார்கள். ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. 2025 மே 13-இல் கோவை மகளிர் நீதிமன்ற நீதிபதி ஆர். நந்தினி தேவி ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தார்.

அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கும் அப்படித்தான். 2024 டிசம்பர் 23 ராத்திரி சம்பவம், உடனே புகார் கொடுத்தார். நம்மை மாதிரி இன்ஜினியரிங் படிக்கிற பொண்ணு. என்ன நடந்தது? எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது, பெயர் விலாசத்தோடு! அதை நம்ம வாட்ஸ்அப் குரூப்பிலும் யாரோ ஃபார்வர்டு பண்ணினார்கள் என்பதை இங்கே எழுதாமல் விட மனசு வரவில்லை. அந்த எஃப்.ஐ.ஆரின் வாசகமே பெண்ணைக் குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது, இங்கேயும் 25 லட்சம் கொடுக்கச் சொன்னது. ஐந்தே மாதத்தில் தீர்ப்பு. 2025 ஜூன் 2-ஆம் தேதி குற்றவாளிக்கு ஆயுள், குறைந்தது 30 வருஷம் வெளியே வர முடியாது. 19 வருஷம் எங்கே, ஐந்து மாதம் எங்கே!

இரண்டு வழக்கிலும் அரசாங்கம் பணம் கொடுக்க நேர்ந்தது பெயரை வெளியே விட்டதற்காக என்பதைக் கவனியுங்கள். பெயர் அவ்வளவு முக்கியமா? முக்கியம்தான். ஆனால் காரணம் வெட்கம் இல்லை. 2024-இல் பிரான்சில் ஜிசேல் பெலிகோ என்ற பெண்மணி, எனக்கு ரகசிய விசாரணை வேண்டாம், கதவைத் திறந்து வையுங்கள், வெட்கப்பட வேண்டியது நான் இல்லை என்று நின்றார். 51 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். நம்ம ராஜஸ்தான் பன்வாரி தேவி 1992 முதல் சொந்தப் பெயரில் நின்று போராடினார். அவர் வழக்கில் கீழ்க்கோர்ட் குற்றவாளிகளை விடுவித்துவிட்டாலும், அந்தப் போராட்டத்திலிருந்துதான் 1997-இல் விசாகா தீர்ப்பு பிறந்தது. இன்றைக்கு ஒவ்வொரு ஆபீசிலும் காலேஜிலும் புகார்க் குழு இருக்கிறது என்றால் அதற்கு ஆதி அந்தத் தீர்ப்பு. பெயரைச் சொல்வதும் மறைப்பதும் அவர்கள் முடிவு. நம்ம சட்டமும் பாதிக்கப்பட்டவர் எழுத்து மூலம் அனுமதி கொடுத்தால் மட்டுமே பெயரை வெளியிடலாம் என்கிறது. சிதம்பரத்து அம்மா என்னிடம் அனுமதி கொடுக்கவில்லை. அதனால் எழுதவில்லை, அவ்வளவுதான்.

வார்த்தைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய மலர்களைப் புரட்டினால் "கற்பழிப்பு" என்றே எழுதியிருக்கிறார்கள். கையை உடைத்தவனுக்குக் கை உடைத்த குற்றம். இதில் மட்டும் எவனோ ஒருத்தன் செய்த குற்றத்துக்கு, இவளிடமிருந்து ஏதோ அழிந்து போனது என்று பெயர்! அழியவில்லை. "வன்கொடுமை" என்று எழுதினால் குற்றம் செய்தவன் பக்கம் விரல் நீளும். அடுத்த வருஷ மலர்க் குழுவுக்கு இது என் வேண்டுகோள்.

இனி நம்ம விஷயம். கொஞ்சம் கசக்கும்.

நெய்வேலி டவுன்ஷிப் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்கே தெரியும். எல்லோருடைய அப்பாவும் ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட் பஸ். முதல் ஷிஃப்ட்டில் ஒரு பிளாக்கில் கிளம்பிய பேச்சு இரண்டாவது ஷிஃப்ட் முடிவதற்குள் ஆர்ச் கேட் வரை போய்விடும். "எந்த பிளாக்கு? யார் பொண்ணு? அப்பா எந்த மைன்ஸ்?" மூன்று கேள்வியில் ஆள் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் வாய் திறப்பது எவ்வளவு கஷ்டம்! இதில் ஒரு தொல்லை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சங்கத்துப் பையன்கள் நாலு பேர் கேன்டீனில் உட்கார்ந்து, அவனையும் கூப்பிட்டு, அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு, "சாரி சொல்லிடுடா... நீயும் விட்டுடும்மா, அவன் அரியர் கிளியர் பண்ணி வேலைக்குப் போகணும், வீட்ல கஷ்டம்" என்று முடித்துவைக்கிறோம். பிரச்சினையைத் தீர்த்துவிட்டோம் என்று பெருமை வேறு. 2015-இல் உயர் நீதிமன்றம் போட்டுத் திரும்பப் பெற்ற அதே உத்தரவைத்தான் நாம் டீயும் வடையும் சாப்பிட்டுக்கொண்டே போடுகிறோம்!

2013-ஆம் வருஷச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? சாதாரணத் தொல்லைப் புகாரிலேயே கூட, அந்தப் பெண்ணே கேட்டால்தான் சமரசம் பேசலாம். பணம் வாங்கிச் சமரசம் கூடவே கூடாது. வன்கொடுமை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உள்ளகப் புகார்க் குழு அமைத்தாக வேண்டும் என்று ஏ.ஐ.சி.டி.இ. 2016-இலேயே விதி போட்டிருக்கிறது. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று போர்டில் ஒட்டியிருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை. பஞ்சாயத்துப் பண்ணுவது இல்லை.

இன்னொரு கூட்டம் நம்மிடம் உண்டு. செய்தி வந்த அன்றைக்கே "தூக்கில் போடு, என்கவுன்டர் பண்ணு" என்று ஸ்டேட்டஸ் வைப்பார்கள். அதே போனில் சாயங்காலம் "அந்தப் பொண்ணு போட்டோ இருக்காடா?" என்று கேட்பார்கள். ஈராக்கில் பயங்கரவாதிகளிடம் அடிமையாகச் சிக்கித் தப்பிய நாதியா முராத், 2018-இல் நோபல் பரிசு வாங்கியவர். அவர் பெயரால் 2022-இல் ஒரு நடத்தை விதித் தொகுப்பு வந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களிடம் தகவல் கேட்கப் போகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் முழுக்க முழுக்க அதில் இருப்பது. எப்போது பேசுவது, யாரிடம் பேசுவது, எப்போது நிறுத்துவது, எல்லாம் அவர்கள் கையில். கேட்கிறவனுக்கு அவசரம் என்பதற்காக அவர்கள் பேச வேண்டியதில்லை.

ஒரு தோழி உங்களிடம் வந்து சொன்னால் என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். "நம்புறேன்" என்று சொல்லுங்கள். ஏன், எப்படி என்று குடையாதீர்கள். ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போவது நல்லது, உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் வைத்திருந்தால் ஆதாரமாகும் என்று மெதுவாகச் சொல்லுங்கள். 181-க்குப் போன் பண்ணலாம் என்று சொல்லுங்கள். ஸ்டேஷனுக்குப் போவதா, எப்போது போவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் மட்டும் சட்டம் வேறு. போக்சோப்படி தெரிந்தவர்கள் புகார் செய்தே ஆக வேண்டும், முதலாம் ஆண்டில் நம்மில் பலர் அந்த வயதுதான். அவர் போகிறேன் என்றால் கூடப் போங்கள். எத்தனை மணி ஆனாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். வாய்தா ஒவ்வொன்றுக்கும் போங்கள், கடலூர் பஸ்ஸில் ஒரு சீட் கூட எடுத்தால் போதும்.

இந்த வருஷம் சங்கத்தின் முதல் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். பாலியல் புகார் எதிலும் சங்க நிர்வாகிகள் யாரும் சமரசம் பேசக் கூடாது, மீறினால் பொறுப்பிலிருந்து நீக்கம். வழிமொழிய ஒருவர் தேவை. ஹாஸ்டல் பசங்க, டே ஸ்காலர், யாராக இருந்தாலும் பரவாயில்லை, பொதுக்குழுவுக்கு முன்னால் என்னிடம் பெயர் கொடுங்கள்.